போ, வா, ஏறு, இறங்கு: ஆங்கிலத்தில் எதோடு எது சேரும்?

'கோ' தெரியும், 'கம்' தெரியும், 'ரன்', 'வாக்', 'ஃபால்' எல்லாம் தெரியும். ஆனால் அதற்குப் பின்னால் 'டு' போடுவதா, 'அட்' போடுவதா, 'இன்டு' போடுவதா, இல்லை ஒன்றுமே போடாமல் விடுவதா என்று வரும்போதுதான் வாய் தடுக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கிற நம்மில் நிறையப் பேருக்குச் சிக்கலே இந்த இடம்தான், கட்டுமானத் தளத்தில் இருப்பவரானாலும் சரி, ஷென்டன் வேயில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரானாலும் சரி. இலக்கணப் புத்தகங்கள் நீளமாக ஒரு பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்கின்றன. பட்டியலை மூடி வையுங்கள். இதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது, அதைத் தமிழிலிருந்தே பிடித்துவிடலாம்.

ஏறு, இறங்கு, நுழை, கட, தாண்டு, திரும்பு. இந்த வினைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். எந்தப் பக்கம் போகிறோம் என்பது வினைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. எப்படிப் போகிறோம் என்பதைத்தான் நாம் தனியாகச் சேர்க்கிறோம். ஓடி ஏறினான், நொண்டிக்கொண்டே சாலையைக் கடந்தார், குழந்தை தவழ்ந்து அறைக்குள் நுழைந்தது. ஆங்கிலம் இதை அப்படியே திருப்பிப் போடும். எப்படி என்பது வினையில் வரும், எந்தப் பக்கம் என்பது பின்னால் ஒட்டுகிற குட்டிச் சொல்லில் வரும்: 'ஹி ரேன் அப் த ஸ்டெப்ஸ்', 'ஹி லிம்ப்ட் அக்ராஸ் த ரோட்', 'த பேபி கிராவ்ல்ட் இன்டு த ரூம்'. ஏறு, கட, நுழை ஆகிய மூன்று வேலைகளையும் இங்கே செய்வது 'அப்', 'அக்ராஸ்', 'இன்டு'. இலக்கணத்தில் முன்னிடைச்சொல் என்பார்கள், நான் குட்டிச் சொல் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். லியோனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் 1985இல் எழுதிய கட்டுரையில் உலக மொழிகளை இந்த அடிப்படையில் பிரித்துக் காட்டினார்; ஆங்கிலம் ஒரு பக்கம், ஸ்பானிய மொழி இன்னொரு பக்கம். தமிழ் பெரும்பாலும் ஸ்பானிய மொழி நிற்கிற பக்கம்தான் வரும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. தமிழ் வாக்கியத்தின் கடைசி வினைக்கு ஆங்கிலச் சொல் தேடாதீர்கள். முதலில் 'எப்படி' என்று கேளுங்கள், அதற்கான பதிலை வினையாக்குங்கள். பிறகு 'எந்தப் பக்கம்' என்று கேளுங்கள், அதற்கான பதில்தான் குட்டிச் சொல். "அவர் அவசர அவசரமாக லிஃப்டுக்குள் நுழைந்தார்" என்றால் 'ஹி ரஷ்ட் இன்டு த லிஃப்ட்'. 'ஹி என்டர்ட் த லிஃப்ட் இன் எ ஹரி' என்றாலும் தப்பில்லை, ஆனால் காவல்துறை அறிக்கை மாதிரி விறைப்பாக இருக்கும். பாதை இரண்டு மூன்று திருப்பம் எடுத்தால் ஆங்கிலம் குட்டிச் சொற்களை வரிசையாக அடுக்கிவிடும். ஜன்னல் வழியாக ஏறி உள்ளே வந்தான்: 'ஹி கிளைம்ப்ட் இன் த்ரூ த விண்டோ'. நமக்கு இரண்டு வினை தேவைப்பட்ட இடத்தில் அவர்களுக்கு ஒரே வினை போதும்.

இனி 'என்டர்' வகையறா. 'என்டர்', 'கிராஸ்', 'ரீச்', 'அப்ரோச்', 'லீவ்', 'பாஸ்' எல்லாம் நம் தமிழ் வினை போல, திசை உள்ளேயே இருக்கும். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த சொற்கள் இதில் பல, 'என்டர்', 'அப்ரோச்', 'பாஸ்' மாதிரி. 'ரீச்', 'லீவ்' இரண்டும் ஆங்கிலத்தின் சொந்தச் சொற்கள்தான், இருந்தாலும் நடப்பது அப்படியே. எதுவானாலும் இவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் குட்டிச் சொல் வராது. 'என்டர் த ரூம்', 'கிராஸ் த ரோட்', 'ரீச் த ஆஃபீஸ்'. நாம் 'ரீச் டு ஆஃபீஸ்', 'என்டர் இன்டு த ரூம்' என்று சொல்வதற்குக் காரணம், தமிழில் அலுவலகத்துக்கு, அறைக்குள் என்று உருபு இருப்பது. அதைக் கழற்றிவிடுங்கள். 'என்டர் இன்டு' என்பது ஒப்பந்தம், பேச்சுவார்த்தை மாதிரி சமாச்சாரத்துக்குத்தான்.

அந்தக் 'கு' உருபு பண்ணுகிற வேலை கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்கு, கடைக்கு, சென்னைக்கு, ஷாப்பிங்குக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரே 'கு' போட்டுப் பழகிய கை, ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் 'டு' போடுகிறது. பெரும்பாலும் அது சரிதான்: 'கோ டு தேக்கா', 'கம் டு த ஆஃபீஸ்', 'ரிட்டர்ன் டு சிங்கப்பூர்'. ஒத்துவராத இடங்களைப் பார்ப்போம். 'ஹோம்', 'ஹியர்', 'தேர்', 'அப்ஸ்டேர்ஸ்', 'டவுன்ஸ்டேர்ஸ்', 'ஓவர்சீஸ்' ஆகியவற்றுக்கு முன்னால் 'டு' வராது. 'கோ ஹோம்', 'கம் ஹியர்' அவ்வளவுதான். 'அரைவ்' என்றால் 'டு' கிடையவே கிடையாது. நிலையம், விமான நிலையம், கட்டடம் என்றால் 'அட்', ஊர், நாடு என்றால் 'இன்': 'அரைவ் அட் சாங்கி ஏர்போர்ட்', 'அரைவ் இன் சிங்கப்பூர்'. கிளம்புவதைச் சொல்லும்போது போகிற இடத்துக்கு 'ஃபார்' போடுங்கள், 'ஐ லெஃப்ட் ஃபார் சென்னை'. விட்டுவந்த இடத்துக்கு ஒன்றும் வேண்டாம், 'ஐ லெஃப்ட் த ஆஃபீஸ் அட் சிக்ஸ்'. வண்டி எங்கிருந்து புறப்படுகிறது என்று சொல்லும்போது மட்டும் 'ஃப்ரம்' வரும். ஜொகூர் பாரு போகிற 170 பேருந்து 'லீவ்ஸ் ஃப்ரம் குயீன் ஸ்ட்ரீட்'.

'கோ டு ஷாப்பிங்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நான் கேட்காத வாரம் இல்லை. ஷாப்பிங், ஸ்விம்மிங், ஜாகிங், ஃபிஷிங் மாதிரி 'இங்' சொற்களுக்கு முன் 'டு' இல்லை: 'கோ ஷாப்பிங்', 'கோ ஸ்விம்மிங்'. இடத்தைச் சேர்க்கும்போதும் 'டு' வராது. 'கோ ஷாப்பிங் அட் முஸ்தஃபா' என்பதே சரி, ஏனென்றால் முஸ்தஃபா என்ற இடம் ஒட்டுவது 'கோ'வோடு இல்லை, ஷாப்பிங்கோடு. அங்கேதானே சாமான் வாங்குகிறோம்? 'வாக்', 'ரன்', 'லன்ச்', 'இன்டர்வியூ' மாதிரி பெயர்ச்சொற்களுக்கு 'கோ ஃபார்', லீவு, டூர், பயிற்சி மாதிரி சில நாள் நீடிக்கிற விஷயங்களுக்கு 'கோ ஆன்': 'கோ ஃபார் எ வாக்', 'கோ ஆன் லீவ்'.

அடுத்து 'இன்', 'இன்டு' சண்டை. இதைத் தமிழ் தெரிந்தவர் தப்பாகச் சொல்லவே தேவையில்லை. பூங்காவில் ஓடினான் என்றால் 'ரேன் இன் த பார்க்', அவன் முன்பே உள்ளே இருக்கிறான். பூங்காவுக்குள் ஓடினான் என்றால் 'ரேன் இன்டு த பார்க்', வெளியே இருந்தவன் எல்லையைத் தாண்டி உள்ளே போகிறான். 'இல்' வந்தால் 'இன்', 'உக்குள்' வந்தால் 'இன்டு', பெரும்பாலும் காப்பாற்றிவிடும். 'ஆன்', 'ஆன்டு' இரண்டுக்கும் இதே கணக்குதான். பின்னால் இடத்தின் பெயரே வராவிட்டால் 'இன்டு' வராது: 'கம் இன்', ஆனால் 'கம் இன்டு த ரூம்'. அதே மாதிரி 'கெட் அவுட்', ஆனால் 'கெட் அவுட் ஆவ் த கார்'. அந்த 'ஆவ்' முக்கியம். ஒரே ஒரு எஃப் உள்ள அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் 'வ்' ஒலியில்தான் முடிப்பார்கள். இரண்டு எஃப் உள்ள 'ஆஃப்' வேறு சொல், அதற்கு இப்போது வருகிறேன். வெறுமனே 'கெட் அவுட்' என்று ஆளைப் பார்த்துச் சொன்னால் வெளியே போடா என்று அர்த்தமாகிவிடும், கொஞ்சம் வெளியே வாருங்கள் என்பதற்கு 'ஸ்டெப் அவுட்' என்று சொல்லுங்கள்.

வண்டி. ஏறு, இறங்கு என்று நமக்கு இரண்டே சொல். ஆங்கிலம் வண்டியைப் பார்த்து மாற்றும். உள்ளே நின்று நடக்க முடிகிற வண்டி என்றால், அதாவது பஸ், எம்ஆர்டி, விமானம், கப்பல் என்றால் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. குனிந்து உள்ளே போய் உட்கார வேண்டியிருந்தால், அதாவது கார், டாக்சி என்றால் 'கெட் இன்டு', 'கெட் அவுட் ஆவ்'. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் மேலே உட்காருவதால் 'ஆன்', 'ஆஃப்'. லாரியில் இரண்டும் உண்டு: ஓட்டுநர் ஏறுவது 'இன்டு த கேப்', பின்னால் ஏறுகிறவர்கள் ஏறுவது 'ஆன்டு த பேக் ஆவ் த லாரி'. லிஃப்டில் நின்றுகொண்டுதான் போகிறோம், இருந்தாலும் அது பெட்டி, ஆகவே 'இன்டு', 'அவுட் ஆவ்'. 'கெட் டவுன் ஃப்ரம் த பஸ்' என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஆங்கிலேயர் காதில் அது மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ கீழே இறங்குவது போலத்தான் விழும். இங்கே ரயில் அறிவிப்பில் வருகிற 'அலைட்' நல்ல சொல், 'அலைட் அட் லிட்டில் இந்தியா'. ஆனால் லண்டன் நண்பரோடு பேசும்போது 'கெட் ஆஃப்' என்றால் இயல்பாக இருக்கும்.

வழியைச் சொல்வதற்குத் தைப்பூசத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்தத் தீவில் எனக்குக் கிடைக்கவில்லை. காவடி எடுப்பவர்கள் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படுகிறார்கள்: 'செட் ஆஃப் ஃப்ரம்'. சாலை நெடுக நடக்கிறார்கள்: 'வாக் அலாங் சிராங்கூன் ரோட்'. வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டிப் போகிறார்கள்: 'வாக் பாஸ்ட் த டெம்பிள்'. கூட்டத்துக்குள் புகுந்து போகிறார்கள்: 'த்ரூ த கிரவுட்'. டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை: 'ஆல் த வே டு டேங்க் ரோட்'. பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் 'அக்ராஸ் த ரோட்'. 'அலாங்' நீளவாக்கில், 'அக்ராஸ்' குறுக்குவாக்கில், 'த்ரூ' நாலா பக்கமும் ஏதாவது சூழ்ந்திருக்கும்போது, 'பாஸ்ட்' பக்கத்தில் போய்த் தாண்டும்போது, 'ஓவர்' ஒரு தடையின் மேலே ஏறிப் போகும்போது. சுரங்கப்பாதை 'த்ரூ', வேலி 'ஓவர்', 1924இல் திறந்த ஜொகூர் கடற்பாலம் 'அக்ராஸ்', புக்கிட் தீமா குன்று 'அப்'. சாலைகூட நகரும்: 2013இல் திறந்த மரினா கடலோர விரைவுச்சாலை 'ரன்ஸ் அண்டர் த சீ'. சாலை போகிறது என்று நாம் சொல்கிறோமே, அதே போலத்தான்.

'டு', 'டுவார்ட்ஸ்', 'அட்' மூன்றையும் குழப்பாதீர்கள். 'டுவார்ட்ஸ்' என்றால் அந்தப் பக்கம் பார்த்துப் போகிறோம், போய்ச் சேர்ந்தோமா என்பது தெரியாது. 'டு' என்றால் சேர்ந்துவிட்டோம். 'அட்' வந்தால் குறி வைக்கிறோம், பெரும்பாலும் கோபத்தோடு. 'த்ரோ த பால் டு ஹிம்' என்றால் அவர் பிடிக்கட்டும் என்று போடுகிறோம், 'த்ரோ த பால் அட் ஹிம்' என்றால் அவர்மேல் எறிகிறோம். நாய் 'ரேன் டு மீ' என்றால் வாலாட்டிக்கொண்டு வந்தது, 'ரேன் அட் மீ' என்றால் கடிக்க வந்தது.

இப்போது 'ஃபால்'. இதில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் தளத்தில் விபத்து நடந்து சூப்பர்வைசர் என்ன நடந்தது என்று எழுதும்போது இந்தக் குட்டிச் சொல் ஒன்று மாறினால் விபத்தே வேறாகிவிடும், இழப்பீடு கேட்கும்போது அந்தத் தாளைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். நமக்கு விழுந்தான் என்றால் விழுந்தான். ஆங்கிலத்தில் எதன்மேல் நின்றுகொண்டிருந்தாரோ அதிலிருந்து வழுக்கியோ நழுவியோ விழுந்தால் 'ஃபெல் ஆஃப்': 'ஃபெல் ஆஃப் த லேடர்', 'ஃபெல் ஆஃப் த ஸ்கஃபோல்ட்'. எந்த உயரத்திலிருந்து என்று சொல்லும்போது 'ஃபெல் ஃப்ரம்': 'ஃபெல் ஃப்ரம் த தேர்ட் ஸ்டோரி', பாதுகாப்புப் பயிற்சியில் 'ஃபால் ஃப்ரம் ஹைட்' என்று வருவது இதுதான். குழிக்குள், வடிகாலுக்குள் என்றால் 'ஃபெல் இன்டு'. மூடாத திறப்பு வழியாகவோ கூரைத் தகடு உடைந்தோ கீழே போனால் 'ஃபெல் த்ரூ'. இதை 'ஃபெல் ஆஃப் த ரூஃப்' என்று எழுதினால் அவர் கூரை விளிம்பில் கவனமில்லாமல் நின்றார் என்று படிப்பவர் நினைப்பார். 'ஃபெல் த்ரூ த ரூஃப்' என்று எழுதினால் தகடு தாங்கவில்லை என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள். படியில் உருண்டால் 'ஃபெல் டவுன் த ஸ்டேர்ஸ்'. கேபிள் தடுக்கினால் 'டிரிப்ட் ஓவர் எ கேபிள்', நின்ற இடத்திலேயே சாய்ந்தால் 'ஃபெல் ஓவர்'. குழாய் ஒருவர்மேல் விழுந்தால் 'த பைப் ஃபெல் ஆன் ஹிம்'. வண்டி விஷயத்திலும் இப்படித்தான்: லாரி பின்னால் வந்து சுவரில் இடித்தால் 'ரிவர்ஸ்ட் இன்டு த வால்', ஃபோர்க்லிஃப்ட் காலில் ஏறினால் 'ரேன் ஓவர் ஹிஸ் ஃபுட்'. கையெழுத்துப் போடச் சொன்னால் வாக்கியத்தில் எந்தக் குட்டிச் சொல் இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். தப்பாக இருந்தால் திருத்தச் சொல்ல உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு. காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் 'டோன்ட் வாக் அண்டர் த லோட்' என்று சொல்வதும் இந்தக் குடும்பம்தான், தூக்குகிற பாரத்துக்கு அடியில் நடக்காதே.

சிங்கப்பூர் ஆங்கிலம் இதில் பாதிக் குட்டிச் சொற்களை விட்டுவிடும். 'கோ வேர்?', 'ஐ கோ தேக்கா', 'ஐ ரீச் ஆல்ரெடி'. கோப்பிக் கடையில் இது அழகான பேச்சு, அதைத் திருத்தப் போகாதீர்கள். நல்ல ஆங்கிலம் பேசுங்கள் இயக்கத்தை அரசு 2000இல் தொடங்கியது, ஆனாலும் கோப்பிக் கடை மாறவில்லை, மாற வேண்டியதும் இல்லை என்பது என் எண்ணம். மின்னஞ்சல், நேர்காணல், வெளிநாட்டு வாடிக்கையாளர் என்று வரும்போது மட்டும் மாற்றிக்கொள்ளத் தெரிந்தால் போதும். 'ரீச்' சொன்னால் இடத்தைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 'ஐ ஹேவ் அரைவ்ட்' அல்லது 'ஐம் ஹியர்'. 'ஐ வில் செண்ட் யூ டு த ஏர்போர்ட்' என்பதை வெளியூர்க்காரர் கேட்டால் பார்சலை அனுப்புவது போல இருக்கும், 'டிரைவ் யூ டு' அல்லது 'டேக் யூ டு' நல்லது. கூட வா என்பதற்கு 'ஃபாலோ மீ டு தேக்கா' என்றால் பின்னாலேயே வா என்றாகிவிடும், 'கம் வித் மீ' என்று சொல்லுங்கள். நம் பங்குக்கு நாம் சேர்ப்பது 'ஐ வில் கோ அண்ட் கம்'. போய்ட்டு வரேன் என்ற அன்பை அந்த ஆங்கிலம் சுமக்காது, 'ஐ வில் பி பேக்' அல்லது 'சீ யூ லேட்டர்' போதும்.

சில சேர்க்கைகள் நகர்வை விட்டுவிட்டு வேறு பொருளுக்குப் போய்விட்டன. 'ரன் இன்டு' என்றால் தற்செயலாகச் சந்திப்பது, 'ரன் அவுட் ஆவ்' என்றால் தீர்ந்துபோவது, 'கம் அக்ராஸ்' என்றால் எதிர்பாராமல் கண்ணில் படுவது, 'கோ த்ரூ' என்றால் கஷ்டத்தை அனுபவிப்பது அல்லது ஒன்றை முழுக்கப் பார்ப்பது, 'ஃபால் த்ரூ' என்றால் திட்டம் கைகூடாமல் போவது. இவற்றை ஒரே நாளில் படிக்க வேண்டாம், வாசிக்கும்போது எதிர்ப்படுவதைக் குறித்துக்கொண்டு போங்கள். அவன், அது என்று சுட்டினாலும் இவை பிரியாது, 'ரன் இன்டு ஹிம்' என்பதே சரி, 'ரன் ஹிம் இன்டு' இல்லை.

பயிற்சிக்குப் புத்தகம் வேண்டாம், தினமும் போகிற வழி போதும். கதவைத் திறந்து லிஃப்டுக்குள் போவதிலிருந்து வேலையிடம்வரை, வாய்க்குள்ளேயே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போங்கள்: 'அவுட் ஆவ் த லிஃப்ட்', 'த்ரூ த வாய்ட் டெக்', 'பாஸ்ட் த காஃபி ஷாப்', 'அக்ராஸ் த ரோட்', 'ஆன்டு த பஸ்'. வினை வராவிட்டாலும் பரவாயில்லை, குட்டிச் சொல் மட்டும் தானாக வர வேண்டும். ஒரு வாரத்தில் வந்துவிட்டால் வினையைச் சேருங்கள். அப்புறம் வழியை மாற்றிப் பாருங்கள்.

கடைசியாக மூன்று வாக்கியம், விடையைப் பார்க்காமல் முயற்சி செய்யுங்கள். அவர் நடந்தே மாடிப்படி இறங்கினார். பூனை மேசைக்கு அடியிலிருந்து ஓடி வெளியே வந்தது. குடையை மறந்துவிட்டதால் அவள் மறுபடி ஏழாம் மாடிக்கு ஓடி ஏறினாள். முதலாவது 'ஹி வாக்ட் டவுன் த ஸ்டேர்ஸ்'. இரண்டாவது 'த கேட் ரேன் அவுட் ஃப்ரம் அண்டர் த டேபிள்'. 'அண்டர்' மாதிரி இன்னொரு குட்டிச் சொல் பக்கத்தில் வரும்போது 'அவுட் ஆவ்' போய் 'அவுட் ஃப்ரம்' வரும். மூன்றாவது, குடையை விட்டுவிட்டுச் சொன்னால், 'ஷி ரேன் பேக் அப் டு த செவன்த் ஃப்ளோர்': 'பேக்' மறுபடி, 'அப்' ஏறி, 'டு' அந்த மாடிக்கு.